வண்டியை எங்கே அவிழ்ப்பது?

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து ஆகஸ்ட், செப்டம்பரில் காருக்குப் பின்னால் கேரவன் என்னும் சக்கர வீட்டைக் கட்டிக்கொண்டு வடக்கே கிளம்பும் நண்பர் கூட்டங்களில் ஒரு வாதம் தவறாமல் நடக்கும். மூன்று குடும்பம், மூன்று கார், மூன்று கேரவன். கடற்கரையும் வேண்டும், காட்டுப்பூவும் வேண்டும். கடற்கரை மேற்கு ஓரத்தில் இருக்கிறது. பூவில் பாதி, கடலை விட்டு நூறு கிலோமீட்டர் கிழக்கே தள்ளி இருக்கிறது. "பூ இருக்கிற இடத்துக்கே இழுத்துட்டுப் போயிடலாம், அங்கேயே தங்கிக்கலாம்" என்பார் ஒருவர். "கேரவனைக் கடற்கரை ஊர்ல அவிழ்த்துப் போட்டுட்டு, கார்ல மட்டும் போய்ட்டு வரலாம்" என்பார் இன்னொருவர். "அவிழ்த்துப் போடறதுக்கா இவ்வளவு பணம் கொடுத்து வாங்கினோம்?" என்று முதலாமவர் திருப்பிக் கேட்பார். இதற்குப் பதில் சொல்ல முடியாமல்தான் பல கூட்டங்கள் மூன்று கேரவனையும் செம்மண் சாலைக்குள் இழுத்துக்கொண்டு போகின்றன.

என் கட்சி இரண்டாவது. எந்த ஊர், எத்தனை இரவு, எந்தக் கேரவன் பார்க் என்று எல்லோரும் திட்டம் போடுகிறார்கள். வண்டியை எங்கே அவிழ்ப்பது, எங்கே மறுபடி பூட்டுவது என்பதை மட்டும் யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. இந்தப் பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் அந்த முடிவில்தான் இருக்கிறது.

பூக்காலம் ஒரே காலம் அல்ல

மேற்கு ஆஸ்திரேலியாவின் பூ என்றால் எல்லோர் கண் முன்னும் வருவது எவர்லாஸ்டிங் விரிப்பு. வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று மைதானம் மைதானமாகத் தரையை மூடியிருக்கும். நம்மூர் வாடாமல்லியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் இதழ் உடனே புரியும்: அதே காகிதச் சரசரப்பு, அதே உலர்ந்த தன்மை. இது ஓராண்டுச் செடி. இலையுதிர்கால மழையில் முளைத்து, குளிர்கால மழையில் வளர்ந்து, வெயில் ஏறியதும் முடிந்துவிடும். கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் முல்லேவா, மிங்கனியூ ஊர்ப்பக்கம் ஆகஸ்டும் செப்டம்பர் முதல் பாதியும்தான் நம்பக்கூடிய நாட்கள். பள்ளி விடுமுறையோ செப்டம்பர் கடைசி வாரத்தில்தான் தொடங்கும். குழந்தைகளோடு விடுமுறையில் போகிறவர்கள் விரிப்பைப் பார்க்க முடியாமல் திரும்புவது இதனால்தான். மழை பொய்த்த வருடத்தில் ஆகஸ்டிலும் விரிப்பு இருக்காது. கிளம்புவதற்கு முந்தைய வாரம் முல்லேவா அல்லது மிங்கனியூ தகவல் மையத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது, எத்தனை படங்களைப் பார்ப்பதையும் விட நல்லது.

கடற்கரையை ஒட்டிய புதர்க்காட்டின் கணக்கு வேறு. லெசூர் தேசியப் பூங்காவில் பூப்பவை பெரும்பாலும் பல ஆண்டு வாழும் புதர்ச்செடிகள்: பேங்க்ஸியா, ஹேக்கியா, வெர்ட்டிகார்டியா, ஸ்மோக்புஷ், கங்காரு பா. மழை குறைந்த வருடத்திலும் இவை கைவிடாது. அக்டோபரிலும் பூ இருக்கும். விடுமுறையில்தான் போக முடியும் என்பவர்கள் முல்லேவாவை விட்டுவிட்டு லெசூரையும் வடக்கே கடலோரத்தில் இருக்கும் கல்பாரியையும் பிடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஜூரியன் பேயில் அவிழ்ப்பது

பெர்த்திலிருந்து இந்தியன் ஓஷன் டிரைவில் செர்வான்டிஸ் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். 2010-ல் இந்தச் சாலை முழுமையான பிறகுதான் கடலோரமாகவே வடக்கே போக முடிந்தது. செர்வான்டிஸ் பக்கத்தில் உள்ள பின்னக்கிள்ஸ் பாலைவனத்தில் சுண்ணாம்புத் தூண்களுக்கு நடுவே ஓடும் மணல் பாதை, கேரவன் இழுத்துப் போக ஏற்றதல்ல. வளைவுகள் நெருக்கம், பின்னால் எடுக்க இடமில்லை. அங்கேயே முதல் பாடம் கிடைத்துவிடும்.

இன்னும் கால் மணி நேரம் வடக்கே போனால் ஜூரியன் பே. முதல் அவிழ்ப்பு இங்கே. இரண்டு இரவாவது தங்குவது நல்லது. அவிழ்க்கும் வரிசை தெரிந்ததுதான் என்றாலும், கூட்டமாகப் பேசிக்கொண்டே செய்யும்போதுதான் தவறு நடக்கிறது. அதனால் ஒரு கேரவனுக்கு ஒரே ஆள் பொறுப்பு, மற்றவர்கள் தள்ளி நிற்பது என்று வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் பக்கவாட்டுச் சமன்: தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்குக் கீழ் சரிவுக் கட்டை. அதைக் கார் கட்டியிருக்கும்போதே முடிக்க வேண்டும். பிறகு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஆப்புக் கட்டை, கைப்பிரேக், கேரவனின் முனையில் இருக்கும் சிறு முன்சக்கரத்தை இறக்குவது. ஜூரியன் பேயின் தரை மணலும் சுண்ணாம்புப் பொடியும் கலந்தது. அடியில் ஒரு பலகை போடாவிட்டால் முன்சக்கரம் புதைந்து, கப்ளிங் என்னும் கேரவனின் இணைப்புப் பிடி, காரின் இழுவைப் பந்தை விட்டு எழும்பவே எழும்பாது. மின்சாரப் பிளக்கையும், கேரவன் பிய்த்துக்கொண்டால் தானே பிரேக் பிடிக்கவைக்கும் பிரேக்அவே கம்பியையும் கழற்றி, கப்ளிங்கை விடுவித்து, முன்சக்கரத்தைச் சுற்றி உயர்த்த வேண்டும். பாதுகாப்புச் சங்கிலியைக் கழற்றுவது கடைசியில்தான். பந்தை விட்டு எழும்பிய பிறகும் வண்டி உருளவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும். மூலைக்கால்கள் ஆட்டத்தை நிறுத்த இருப்பவை. அவற்றால் கேரவனைத் தூக்கினால் அடிச்சட்டம் முறுக்கிக்கொண்டு கதவு சரியாக மூடாது.

காற்றையும் பார்க்க வேண்டும். இந்தக் கரையில் மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து கடற்காற்று அடிக்கத் தொடங்கும். வசந்தத்தில் அது பந்தல் துணியைக் கிழிக்கும் அளவுக்கு வேகம் எடுக்கும். ஆஸ்திரேலியக் கேரவன்களில் பந்தல் இடது பக்கம் விரியும். இடம் ஒதுக்கும்போது கேரவனின் முகம் கிழக்கே பார்க்கும்படி நிறுத்த முடியுமா என்று கேட்டு வாங்க வேண்டும். அப்போது பந்தல் வடக்கே விரியும்; தெற்குக் காற்றைக் கேரவனின் உடம்பே தடுத்துவிடும். தென்கோளத்தில் சூரியன் வடக்கே சாய்ந்து போவதால், குளிர்ந்த செப்டம்பர் நாளில் வெயிலும் பந்தலுக்குள் வரும். மூன்று கேரவன் இருந்தால், பெரியது தெற்கு ஓரத்தில் நிற்பது மற்ற இரண்டுக்கும் சுவர். காரில் வெளியே போகிற நாளில் பந்தலைச் சுருட்டிவிட்டே போக வேண்டும். திரும்பி வரும்போது காற்று நமக்காகக் காத்திருக்காது.

சேறு என்னும் கொலைகாரன்

ஜூரியன் பேயிலிருந்து லெசூருக்குப் போகும் நாளில்தான் என் கட்சிக்கு முதல் வலுவான காரணம் கிடைக்கிறது. 1801-ல் இந்தக் கரையோரமாக வந்த பிரெஞ்சுக் கப்பல் பயணத்தின் ஓவியர் ஷார்ல் லெசூரின் பெயரைத் தாங்கிய சிறு மலை. உயரம் 313 மீட்டர்தான். அதைச் சுற்றிய ஏறத்தாழ 27,000 ஹெக்டேரில் 900-க்கும் மேற்பட்ட செடி வகைகள் இருக்கின்றன. பேங்க்ஸியா ட்ரைகஸ்பிஸ் என்ற பேங்க்ஸியா இந்தச் சுற்றுவட்டாரத்தைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. இத்தனை வகை இருக்கக் காரணம் மண்ணின் வளம் அல்ல, வறுமை. மிகப் பழைய, சத்து கரைந்து போன மண். ஒரே செடி ஓங்கி மற்றதை அமுக்க முடியாத இடத்தில், ஆயிரம் செடி ஆயிரம் விதமாகப் பிழைத்துக்கொள்கின்றன.

அந்தக் காட்டைக் கொல்வது, டைபேக் என்று அங்கே சொல்லும் வேரழுகல் நோய். காரணம் ஃபைட்டோப்தோரா சின்னமோமி என்ற, கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூஞ்சை. முதல் சொல்லுக்குக் கிரேக்கத்தில் செடிக்கொல்லி என்று பொருள். ஈரமண்ணில் நீந்தி வேருக்குள் புகுந்து, செடி தண்ணீரும் சத்தும் எடுக்க முடியாமல் செய்துவிடும். தென்மேற்கு மூலையின் சொந்தச் செடி வகைகளில் ஏறத்தாழ 40 சதவீதம் இதற்குத் தாக்குப்பிடிக்காதவை. பேங்க்ஸியாவும் புல்மரமும்தான் முதலில் சாகும். ஒரு இடத்தில் வந்துவிட்டால் அதை அழிக்க வழியில்லை. பாஸ்பைட் மருந்தால் சில செடிகளுக்குத் தாங்கும் சக்தியைக் கூட்டலாம், அவ்வளவே. நோய் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவது பெரும்பாலும் நம் டயரிலும் செருப்பிலும் ஒட்டிய சேற்றில்.

ஒரு காருக்கு நான்கு டயர். இரட்டை அச்சுள்ள கேரவன் கட்டினால் எட்டு. மூன்று வண்டிக்கு இருபத்துநான்கு. கூடவே சக்கரக்குழி, அடிச்சட்டம், இழுவைச் சட்டம், மிதிபடி என்று சேறு அப்பிக்கொள்ளும் மூலைமுடுக்குகள். இத்தனையையும் யாரும் சுத்தம் செய்யப் போவதில்லை. ஒரு காரை மட்டும் சுத்தம் செய்வது பத்து நிமிட வேலை. மழை பெய்த மறுநாள் போகாமல் ஒரு நாள் தள்ளிப்போடுவது முதல் படி. போன இடத்தில் போட்ட சாலையை விட்டு இறங்காமல் இருப்பது அடுத்தது. காலணியின் அடிப்பள்ளங்களில் இருக்கும் மண்ணைக் கெட்டியான தூரிகையால் உலர்ந்தபடியே தேய்த்து உதிர்த்து, பிறகு 70 சதவீத மெத்திலேட்டட் ஸ்பிரிட் என்னும் எரிசாராயத்தைத் தெளிக்க வேண்டும். மண்ணோடு தெளித்தால் மருந்து உள்ளே போகாது. தண்ணீர் ஊற்றிக் காட்டோரத்தில் கழுவுவது கூடவே கூடாது. அது நோய்க்கு வாய்க்கால் வெட்டிக் கொடுப்பது. பூங்காவுக்குள் நுழையும் முன் ஒரு முறை, வெளியே வரும்போது ஒரு முறை. ஆறு பேர் என்றால் இரண்டு தூரிகை, ஒரு தெளிப்புப் புட்டி போதும்.

பூங்காவுக்குள் ஓடும் 18 கிலோமீட்டர் சாலை ஒருவழிப்பாதை, நிறுத்துமிடங்கள் சிறியவை. மெதுவாக ஓட்டி, நிறுத்தி, குனிந்து பார்க்க வேண்டிய காடு அது. டாங்கி ஆர்க்கிட் முழங்கால் உயரம்கூட இராது. கறுப்புக் கங்காரு பாவின் தண்டிலும் மொட்டிலும் இருக்கும் கருமை, கிட்டே போனால் நெருக்கமான கறுப்பு ரோமம் என்று தெரியும். அது பிளந்து உள்ளே எலுமிச்சைப் பச்சை காட்டும். பின்னால் ஏழு மீட்டர் பெட்டி தொங்கும்போது இதற்கெல்லாம் நிற்க மனம் வராது.

பிண்டார் சாலையோரம்

வாதத்தை எனக்கு முடித்து வைப்பது லெசூர் அல்ல. முல்லேவாவுக்குக் கிழக்கே 30 கிலோமீட்டரில், பிண்டார் என்ற அநேகமாக ஆளில்லாத ஊரைத் தாண்டிய சரளைச் சாலைதான்.

ரீத் ஃப்ளவர் அங்கே பூக்கிறது. தாவரப் பெயர் லெச்செனால்டியா மக்ராந்தா. தரையோடு தரையாகப் படுத்து, நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் கிளை விட்டு, கிளை நுனியில் மட்டும் பூக்கும் செடி. அதனால் நடுவில் சாம்பல்பச்சை இலைத்திட்டும், சுற்றிலும் இடைவெளி விடாமல் ஒரு பூவளையமும் அமைந்துவிடும். வெளிறிய மஞ்சள் இதழ், விளிம்பில் ரத்தச் சிவப்பு. யாரோ மலர்வளையங்களைக் கொண்டுவந்து சாலையோரம் வரிசையாகக் கிடத்தியது போல இருக்கும். சாப்பாட்டுத் தட்டளவும் உண்டு, முறத்தளவும் உண்டு.

இது காட்டுக்குள் தேடினால் கிடைக்காது. கலைத்துப் போட்ட மண்ணில்தான் நன்றாக முளைக்கும். சாலையை நிரவும் இயந்திரம் சரளையைச் சுரண்டி ஓரத்தில் ஒதுக்குகிறதே, அந்த ஒதுக்கலில், தார் இல்லாத அந்தத் தோள்பட்டையில். அதாவது, ஒரு கேரவன் ஓரம் கட்டினால் இடது சக்கரம் எங்கே இறங்குமோ, சரியாக அங்கே. கார் ஐந்து மீட்டர், கேரவன் ஏழு மீட்டர். ஒரு வண்டி ஓரம் கட்டினால் பன்னிரண்டு மீட்டர் ஒதுக்கல் மிதிபடும். மூன்று வண்டி இடைவெளியோடு நின்றால் ஐம்பது மீட்டர். திரும்பிப் போகச் சாலை அகலம் போதாது, முன்னும் பின்னும் எடுத்து வளைக்கும்போது எதிர்ப்பக்க ஓரமும் போய்விடும். பூ பார்க்க வந்தவர்களின் சக்கரத்தடம் வளையத்தின் நடுவே ஓடியிருப்பதை அங்கே காணலாம். ஓட்டியவருக்கு அது தெரிந்திருக்காது. கேரவனின் இடது சக்கரம் அவர் இருக்கைக்குப் பல மீட்டர் பின்னால் இருக்கிறது.

கார் மட்டும் இருந்தால், செடி இல்லாத வெறுந்தரையில் நிறுத்தி, மிச்சத்தை நடந்தே பார்க்கலாம். கால் வைக்குமுன் தரையைப் பார்க்க வேண்டும், பூ விடாத இளஞ்செடிகளும் அங்கேதான் இருக்கும். பறிப்பது சட்டப்படி குற்றம். அரசு நிலத்தில் உரிமம் இல்லாமல் ஒரு பூவும் கிள்ளக்கூடாது.

சரளைச் சாலை கேரவனுக்கும் நல்லதல்ல. காரின் பின் டயர் எறியும் கல் கேரவனின் நெற்றியில் பட்டுத் திரும்பிக் காரின் பின்கண்ணாடியை உடைக்கும். அலையலையான சாலையில் ஒரு மணி நேரம் ஆடினால் குளிர்பெட்டிக் கதவின் கொக்கி விட்டுப்போகும், எரிவாயுக் குழாயின் முடிச்சு தளரும், அலமாரித் திருகுகள் தரையில் கிடக்கும். எரிபொருள் கணக்கும் இருக்கிறது. கடற்கரை நகரான ஜெரால்ட்டனிலிருந்து பிண்டார் போய்த் திரும்ப 260 கிலோமீட்டர். சும்மா ஓடும்போது 100 கிலோமீட்டருக்கு 11 லிட்டர் டீசல் குடிக்கும் கார், கேரவன் கட்டினால் 18 குடிக்கும். மூன்று வண்டியும் இழுத்துப் போனால் 140 லிட்டர். கேரவன்களை ஜெரால்ட்டனில் விட்டுவிட்டு இரண்டு காரில் ஆறு பேரும் போனால் 57 லிட்டர்.

சேர்ந்து போவதும் சுமையும்

இழுத்தே ஆக வேண்டிய நாட்களுக்குச் சில வார்த்தை. மூன்று கேரவன் ஒட்டி ஒட்டிப் போவதுதான் லாரி ஓட்டுநர்களுக்குப் பெரிய தொல்லை. பல பெட்டிகளை இழுக்கும் பெரிய ரோடு ட்ரெயின் லாரி ஒன்று மூன்றையும் ஒரே மூச்சில் முந்த முடியாது. அரைக் கிலோமீட்டர் இடைவெளி விட்டால் ஒவ்வொன்றாக முந்தி நடுவில் புகுந்துகொள்ளும். வண்டிக்கு வண்டி பேசும் வானொலியில் லாரிக்காரர்களின் 40-ஆம் சேனலைக் கடைசி வண்டி கேட்டுக்கொண்டே வர வேண்டும்; கூட்டத்துக்குள் பேச்சு 18-ல். லாரி முந்தும்போது காற்று இழுத்துக் கேரவன் வாலாட்டத் தொடங்கினால் காரின் பிரேக்கை அழுத்தக்கூடாது. ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு, கேரவன் பிரேக்கை மட்டும் கைப்பொத்தானால் பிடித்தால் அது நேராகும். ஆடுவதற்கு வழக்கமான காரணம், பின்புறம் கூடுதல் பாரம். கேரவனின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு பந்தின் மேல் இறங்க வேண்டும்.

நண்பர்களோடு போவதன் உண்மையான லாபம் இங்கே இருக்கிறது. மூன்று ஜெனரேட்டர், மூன்று கருவிப்பெட்டி, மூன்று அரிசி மூட்டை தேவையில்லை. 95 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டு நிரப்பினால் அதுவே 190 கிலோ. ஊருக்கு ஊர் குழாய் இருக்கும் கடற்கரைப் பாதையில் ஒரு தொட்டி நிறைய, மற்றது காலி என்று ஓடலாம். பாதி நிரம்பிய தொட்டி அலம்பி அலம்பி வண்டியை ஆட்டும். சமையலுக்கு ஒரு பிரஷர் குக்கர் ஆறு பேருக்குப் போதும். காற்றடிக்கும் இடத்தில் திறந்த பானையில் சோறு வைப்பது எரிவாயுவை வீணாக்கும் வேலை. இட்லி மாவு செப்டம்பர் இரவுக் குளிரில் பொங்காது. பகலில் வெயில்படும் கார் இருக்கையில் வைத்துப் பொங்கவிட்டு, இரவில் குளிர்பெட்டிக்குள் தள்ளுவதுதான் வழி. அளவுக்கு இரண்டு மடங்கு பெரிய பாத்திரம் வேண்டும்.

மலர் கண் மூடும் நேரம்

இழுத்துப் போகும் கட்சிக்காரர்கள் கடைசியாகச் சொல்வது: "விரிப்புக்கு நடுவுல விடியறதைப் பார்க்கணும், அதுக்கு அங்கேயே தங்கணும்." ஆசை நியாயமானது. ஆனால் எவர்லாஸ்டிங் பூ விடியலில் மலர்ந்திருக்காது. ஈரமும் குளிரும் இருக்கும்வரை காகித இதழைக் குவித்துக்கொண்டு நிற்கும். மேகம் மூடிய நாளில் பகலெல்லாம்கூட மலர மறுக்கும். பனி காய்ந்து, பத்து மணி வெயில் ஏறிய பிறகுதான் விரிப்பு முழுதாகத் திறக்கும். கடற்கரையிலிருந்து எட்டரைக்குக் கிளம்புகிற கார் சரியாக அந்த நேரத்துக்குத்தான் போய்ச் சேரும்.

கோல்ஸீம் பாதுகாப்புப் பூங்காவில் இரவு தங்குவதற்கு வேறு காரணம் உண்டு: நட்சத்திரம், அமைதி, 1846-ல் கிரகரி சகோதரர்கள் இந்த மாநிலத்தின் முதல் நிலக்கரியைக் கண்ட இர்வின் ஆற்றுக் கரை. அதற்காகப் போகிறவர்கள் கேரவனோடு போகட்டும். முகாம் இடம் இருக்கிறது. முல்லேவாவிலேயே கேரவன் பார்க்கும் இருக்கிறது, அங்கே அவிழ்த்துவிட்டுப் பிண்டாருக்குக் காரில் போவதும் என் கட்சியே. பூவுக்காக மட்டும் என்றால் கடற்கரை ஊரான டொங்காரா போதும். அங்கிருந்து மிங்கனியூ வழியாகக் கோல்ஸீம் ஒன்றேகால் மணி நேரம்.

மூன்று மணிக்கு மேல் வெயில் சாயச் சாய இதழ்கள் மறுபடி எழும்பிக் குவியத் தொடங்கும். கொஞ்சம் முன்பு வெள்ளையாகத் தெரிந்த சரிவில் தண்டும் இலையும் தெரிய ஆரம்பிக்கும். அதுதான் கிளம்பும் நேரம். காலணியைத் தேய்த்து, டயரைப் பார்த்து, மூன்றரைக்குப் புறப்பட்டால் கங்காருக்கள் சாலைக்கு வரும் அந்திக்கு முன் டொங்காரா சேர்ந்துவிடலாம். கேரவன் சமன் குலையாமல் கிழக்கே பார்த்து நிற்கும். தெற்குக் காற்று அதன் முதுகில் மோதிக்கொண்டிருக்கும்; வடக்குப் பக்கம் நாற்காலி போட்டு டீ போட நெருப்பு அணையாது.